உறுதிமொழி எடுத்தாச்சு... மறுநாள் வகுப்பறையில் என்ன நடக்குது?

1.
வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம் நம் ஊர்ப் பள்ளிகளில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். காலை இறைவணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் கையை நீட்டி நிற்பார்கள். ஒருவர் ஒரு வரி சொல்ல, எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். போதை உறுதிமொழி. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். போட்டோ எடுத்து அனுப்பியதும் முதல் பாடவேளை மணி அடிக்கும்.

2022 ஆகஸ்ட் 11 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'போதைப் பொருட்கள் இல்லாத தமிழ்நாடு' இயக்கத்தைத் தொடங்கிவைத்ததிலிருந்து இது ஒரு வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம். குறை சொல்ல வரவில்லை.

என் கேள்வி அதற்கு மறுநாளைப் பற்றியது.

2.
மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனின் பைக்குள் ஒரு புகையிலைப் பொட்டலம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்த ஆசிரியர் என்ன செய்வார்?

நாலு அடி போடலாம். அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லலாம். டிசியைக் கிழித்துக் கையில் கொடுக்கலாம். பார்க்காத மாதிரி இருந்துவிடலாம்.

பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. ஐந்தாவதாக ஒரு வழி இருப்பதை யாரும் அவருக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தத் தொடர் முழுக்க அந்த ஐந்தாவது வழியைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

3.
இதை ஏன் அய்யம்பாளையத்தை வைத்துப் பேசுகிறேன்?

சென்னையில் ஒரு பிள்ளைக்குப் பிரச்சினை என்றால் மனநல மருத்துவர், ஆலோசகர், மறுவாழ்வு மையம் என்று நாலு கதவு இருக்கும். அய்யம்பாளையம் மாதிரி ஊரில்? திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில், மருதாநதி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி. சுற்றிலும் தென்னந்தோப்பு. மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபி, மிளகு, மலைவாழை. பெற்றோரில் பலர் தோட்ட வேலைக்கு விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ பஸ் ஏற வேண்டும். ஒருநாள் கூலி போய்விடும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளையைத் தினமும் ஆறேழு மணி நேரம் பார்க்கிற, படித்த, பொறுப்பான ஒரே ஆள் யார்? ஆசிரியர்தான்.

மருத்துவர்களான எங்களிடம் இந்தப் பிள்ளைகள் வருவது ரொம்பத் தாமதமாகத்தான். வலிப்பு வந்த பிறகு, விபத்து நடந்த பிறகு, காதில் குரல் கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்த பிறகு. ஆசிரியரோ முதல் மாதத்திலேயே கவனித்திருப்பார். 'பையன் கொஞ்ச நாளா சரியில்லையே' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லியும் இருப்பார். சொன்னதற்கு அடுத்த படிதான் இல்லை.

4.
சரி, பிள்ளைகளை எட்டுவது என்னென்ன? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்துக்குள் போகமாட்டேன். அது தேவையில்லை.

புகையிலைப் பைகள்: உதட்டுக்குள் ஒளித்துவைத்தால் வெளியே தெரியாது, புகை இல்லை, வாசனையும் புதினா. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 'கூல் லிப்' என்ற பொருளைப் பள்ளி மாணவர்கள் பயன்படுத்துவது குறித்துக் கவலை தெரிவித்து, இதைப் பாதுகாப்பற்ற உணவு என்று ஏன் அறிவிக்கக் கூடாது என்று கேட்டது. விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றால் எவ்வளவு பரவியிருக்கும், யோசியுங்கள்.

முகரும் பொருட்கள்: பஞ்சர் ஒட்டும் பசை, பெயின்ட் தின்னர் வகையறா. 2019-இல் வெளிவந்த எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இதுதான். இந்தியா முழுக்கச் சுமார் 4.6 லட்சம் சிறுவர்களுக்கு இதிலிருந்து மீள உதவி தேவை என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகவும் வாய்ப்பு உண்டு.

வலி மாத்திரைகள்: மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. ஊசியாக ஏற்றிக்கொண்டால் மூச்சு அடங்கிப்போகலாம். ரத்தக்குழாய் அழுகல், மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி எல்லாம் பின்னாலேயே வரும்.

கஞ்சா: வளரும் மூளையில் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான அபாயத்தைக் கூட்டுகிறது. குடும்பத்தில் ஏற்கனவே அந்த நோய் இருந்தால் இன்னும் ஆபத்து.

5.
மலையடிவாரத்துக்கென்றே தனியாக ஒன்று உண்டு. கொடைக்கானல் 'போதைக் காளான்'.

வெளியூர் ஆட்கள் சமூக வலைத்தளங்களில் இதைப் பற்றிப் பெருமையாகப் பேசப் பேச, நம் பிள்ளைகளுக்கு இரண்டு ஆபத்து. 'இது இயற்கை, ஒண்ணும் பண்ணாது' என்ற பொய் முதலாவது. அதில் இருக்கும் சிலோசைபின், 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருள். காட்டில் பறிக்கும் காளான்களில் எது விஷக் காளான் என்று அனுபவசாலிகளே ஏமாறுவார்கள். தவறான ஒன்றைத் தின்றால் சில நாளில் கல்லீரல் செயலிழந்துவிடும்.

இரண்டாவது ஆபத்து காசு. 'தம்பி, இதைக் கொண்டுபோய் அந்த ரூம்ல குடுத்துட்டு வா' என்று நூறு, இருநூறு நீட்டுகிறவர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 78-இன்படி ஒரு சிறுவனை வைத்துப் போதைப்பொருளை விற்கவோ கடத்தவோ செய்தால் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குற்றவாளி அனுப்பியவன். இது நம்ம ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னையில் அச்சடித்து வரும் ஒரே துண்டறிக்கையில் இதெல்லாம் இருக்காது. அந்தந்த ஊர் ஆசிரியருக்குத்தான் அந்தந்த ஊரின் ஆபத்து தெரியும்.

6.
'ஒன்பதாம் வகுப்புக்கு மேல சொல்லிக்கலாம் டாக்டர், சின்னப் பிள்ளைங்ககிட்ட இதையெல்லாம் பேசுவாங்களா?' என்று கேட்பீர்கள்.

2019-இல் எடுத்த இந்திய இளையோர் புகையிலை ஆய்வு 13 முதல் 15 வயது மாணவர்களைப் பற்றியது. அவர்களில் 8.5% பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். மெல்லும் வகைப் புகையிலை பயன்படுத்தியவர்களில் பாதிப் பேருக்குமேல் பத்து வயதுக்குள்ளேயே தொடங்கியிருந்தார்கள்.

பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு! ஐந்தாம் வகுப்பில் கஞ்சா பாடம் எடுக்க வேண்டாம். 'அண்ணன் ஒருத்தர் வாயில போட்டுப் பாருன்னு ஒண்ணு குடுத்தா என்ன சொல்லுவே?' என்று பேசிப் பழக்கலாம், இல்லையா?

7.
இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பள்ளியில் எதைச் செய்தால் வேலைக்கு ஆகும், எதைச் செய்தால் ஆகாது?

அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'டேர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சீருடை அணிந்த போலீஸ்காரர் வகுப்புக்கே வந்து போதையின் தீமைகளைச் சொல்வார். பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பார்கள். பெற்றோருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாடு முழுக்கப் பரவியது. பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. 2001-இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையே அதைப் பலனளிக்காத திட்டங்களின் வரிசையில் வைத்தது. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள்.

8.
ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கீழே உள்ளவை பலன் தராதவை அல்லது எதிர்விளைவு தரக்கூடியவை:

- மேடையில் நின்று பேசிவிட்டுப் போகும் சொற்பொழிவு
- அழுகிய நுரையீரல் படம் காட்டிப் பயமுறுத்துவது
- 'நானும் ஒரு காலத்துல அடிமையா இருந்தேன்' என்று ஒருவரை மேடையேற்றிப் பேசவைப்பது
- காவல்துறை அதிகாரியை வைத்துப் பாடம் நடத்துவது

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, போன ஜூன் 26 அன்று உங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்த நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள்.

பலன் தருவது எது? பயிற்சி பெற்ற ஆசிரியர், வாரம் ஒரு வகுப்பு வீதம், பல வாரங்களுக்குத் தொடர்ந்து, பிள்ளைகளைப் பேசவும் நடிக்கவும் விட்டு நடத்தும் வாழ்க்கைத் திறன் பயிற்சி. நண்பன் வற்புறுத்தினால் நட்பு கெடாமல் 'வேணாம்டா' என்று சொல்வது எப்படி, கோபத்தையும் தோல்வியையும் சமாளிப்பது எப்படி, 'எல்லாரும்தான் பண்றாங்க' என்ற பேச்சு உண்மையா என்று சரிபார்ப்பது எப்படி. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஆய்வுகளில் தேறியது இதுதான்.

9.
பயமுறுத்துவது ஏன் பலிப்பதில்லை? மருத்துவக் காரணம் இருக்கு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் நமக்கு பிரேக். 'வேண்டாம், நில்லு' என்று சொல்வது அது. இருபது வயதைத் தாண்டியும் அது முழுசாக முதிர்வதில்லை. ஆக்ஸிலரேட்டர் மட்டும் பதிமூன்று வயதிலேயே ரெடி. நாற்பது வயதில் வரும் புற்றுநோயைச் சொல்லிப் பதினான்கு வயதுப் பையனைத் தடுக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் நண்பன் என்ன நினைப்பான் என்பதுதான் அவனுக்குப் பெரிசு. அதனால் பயிற்சியும் அந்த இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

10.
'அரசாங்கம் எதுவுமே செய்யலை' என்று நான் சொல்ல மாட்டேன். அது உண்மை இல்லை.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடர்ந்த வழக்கில், பள்ளிப் பாடத்திட்டத்தில் போதைத் தடுப்பைச் சேர்க்கச் சொன்னது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் பள்ளி நலத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தவரை ஒரு ஆண், ஒரு பெண், நலத் தூதர்களாகப் பயிற்சி பெற வேண்டும். வாரம் ஒரு மணி நேரம், வருஷத்துக்கு 24 மணி நேரம். மொத்தம் 11 தலைப்புகள். போதைப் பழக்கத் தடுப்பும் அதில் ஒன்று. இது போக, சமூக நீதி அமைச்சகம் 6 முதல் 11-ஆம் வகுப்பு வரைக்கான 'நவசேதனா' என்ற பயிற்சி நூல்களையும் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் இருக்கின்றன.

ஆக, காகிதத்தில் எல்லாம் இருக்கு.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்த இரண்டு ஆசிரியர்கள் யார்? அந்த வாராந்திர ஒரு மணி நேரம் எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை? தெரியாது என்றால், அந்த இடைவெளிதான் நான் சொல்லும் பிரச்சினை.

11.
ஆசிரியர்கள் தரப்பையும் பார்க்கணும். எமிஸ் பதிவேற்றம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம். இதற்கு நடுவில் 'போதைத் தடுப்பும் நீங்களே பாருங்க' என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தால் அவர் என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைப்பார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

பயிற்சி என்று நாம் வழக்கமாகச் செய்வதும் ஒரு சங்கிலி. மாநிலத்தில் சிலருக்கு மூன்று நாள், அவர்கள் மாவட்டத்தில் ஒருநாள், மாவட்டத்தில் கற்றவர் வட்டாரத்தில் அரைநாள். பள்ளிக்கு வந்து சேரும்போது ஒரு பிடிஎஃப் மட்டும் மிஞ்சும். சொற்பொழிவு கேட்டு யாரும் நீச்சல் கற்றதில்லை. தண்ணியில இறங்கித்தான் கத்துக்கணும்.

12.
அப்படியென்றால் ஒரு ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும்? அவரை மருத்துவராக்க வேண்டாம். நாலு விஷயம் போதும்.

ஒன்று, அடையாளம் காண்பது. திடீர் மதிப்பெண் சரிவு, நண்பர் வட்டம் மாறுவது, வாயில் புண் அல்லது வெள்ளைத் திட்டு, கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, உடம்பில் ரசாயன வாசனை, வகுப்பில் தொடர்ந்து தூக்கம். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதும் பயிற்சியில் சேர்த்தி. தூக்கத்துக்குக் காரணம் ரத்தசோகையாகவோ, விடிகாலையில் தோட்ட வேலைக்குப் போய்விட்டு வருவதாகவோ இருக்கலாம்.

இரண்டு, பேசுவது. வகுப்புக்கு முன்னால் நிற்கவைத்து விசாரிக்கக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு, 'யார்டா குடுத்தது?' என்று முதல் கேள்வியிலேயே போலீஸ் ஆகாமல், 'என்னப்பா, கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கியே, தூக்கம் வருதா, சாப்பிடுறியா?' என்று ஆரம்பிப்பது. இது இயல்பாக வராது, பழக வேண்டும்.

மூன்று, அனுப்புவது. எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, யாரைப் பார்ப்பது என்று அவர் கையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. இந்த விவரம் ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டியிருக்க வேண்டாமா?

நான்கு, திரும்ப ஏற்பது. சிகிச்சைக்குப் போய்வந்த பிள்ளையை எந்த முத்திரையும் குத்தாமல் அதே பெஞ்சில் உட்காரவைப்பது.

13.
இந்த நாலாவதுதான் உயிர்நாடி. ஏனென்றால் இன்று நடப்பது நேர் எதிர். 'ஒரு அழுகுன தக்காளி கூடையையே கெடுத்துடும்' என்று டிசி கொடுத்துவிடுகிறோம்.

டிசி வாங்கிய பையன் எங்கே போவான்? பள்ளி இல்லை, படிப்பு இல்லை, வீட்டில் பகலில் ஆள் இல்லை. அவனுக்காகக் காத்திருப்பவன் அந்தப் பொட்டலம் விற்கிறவன் ஒருத்தன்தான். வாடிக்கையாளனாக இருந்தவனை ஆறு மாதத்தில் விற்பனையாளன் ஆக்கிவிடுவான். அதே பொட்டலம் வேறு பையன்கள் மூலமாக அதே பள்ளிக்குத்தான் திரும்பி வரும்.

சட்டமும் டிசி பக்கம் இல்லை. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. சிறார் நீதிச் சட்டம், போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் நிலையில் இருக்கும் பிள்ளையை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வெளியேற்றத் தடை இல்லை என்பதுதான் ஓட்டை. 'போதைக் காரணத்துக்காக மட்டும் டிசி இல்லை, முதலில் சிகிச்சை' என்று அரசு ஒரே ஒரு ஆணை போட்டால் இந்த ஓட்டையை அடைக்கலாம்.

14.
அடுத்து நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். 'டாஸ்மாக்கைத் திறந்து வெச்சுக்கிட்டு இதெல்லாம் பேசலாமா?'

நியாயமான கேள்வி. அப்பா குடித்துவிட்டு விழுந்துகிடக்கும் வீட்டுப் பிள்ளைக்கு உறுதிமொழி ஒரு கேலி மாதிரி இருக்கும். கடைகள் குறைய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'அதை மூடுற வரைக்கும் இதைப் பண்ண வேண்டாம்' என்பது பதில் ஆகாது. இந்த வருஷம் எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை நம் விவாதம் முடியும்வரை எட்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்காது.

ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். டாஸ்மாக் மூலம் அரசுக்கு வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் 40 கோடி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் சுமார் 37,000. பள்ளிக்கு 10,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். இரண்டு ஆசிரியர்களின் பயிற்சி, பயணப்படி, நூல்கள், வருஷத்துக்கு ஒரு மறுபயிற்சி எல்லாம் அதில் அடங்கும்.

காசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

15.
ஊர் சேர்ந்தால் நடக்குமா? நடக்கும். ஐஸ்லாந்து என்ற சின்ன நாட்டில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42% பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016-இல் அது 5%. பயமுறுத்திச் சாதித்தது இல்லை. வருஷா வருஷம் பள்ளிகளில் கணக்கெடுத்தார்கள், மாலை நேரத்தில் விளையாட்டுக்கும் இசைக்கும் அரசுப் பணம் கொடுத்தார்கள், இரவில் பிள்ளைகள் தெருவில் சுற்றாமல் பெற்றோர்களே முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

நம்மிடம் கபடியும் சிலம்பமும் இருக்கு, மாலை அஞ்சு மணிக்கு வெளிச்சமும் இருக்கு. பல பள்ளிகளில் இல்லாதது உடற்கல்வி ஆசிரியரும், அஞ்சு மணிக்குத் திறந்திருக்கும் மைதானமும்தான்.

16.
அரசிடம் நான் கேட்பது:

- ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்கு நேரடிப் பயிற்சி, பணி நாளாகக் கணக்கிட்டு. பி.எட். படிப்பிலேயே இதற்கு ஒரு கட்டாயப் பகுதி.
- அந்த 24 மணி நேரத்தைக் கால அட்டவணையில் அச்சிட்டுக் கொடுங்கள். கணக்கு வாத்தியார் கடன் வாங்கக் கூடாத பாடவேளையாக.
- ஒவ்வொரு பள்ளியையும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்து, மாதம் ஒருமுறை மருத்துவக் குழு பள்ளிக்கே வர வேண்டும்.
- போதைக் காரணத்துக்காக டிசி கிடையாது.

17.
பெற்றோராகிய நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போய் அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் யார்? வகுப்பு எந்தக் கிழமை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 'இல்லை' என்பதுதான் பதில் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேலே நகரும். சண்டைக்குப் போகாதீர்கள், ஆசிரியருக்குத் துணையாகப் போங்கள்.

18.
கடைசியாகச் சில எண்கள். சேமித்து வையுங்கள்:

14446 – போதை மீட்பு ஆலோசனை, கட்டணம் இல்லை
14416 – மனநல ஆலோசனை
1098 – குழந்தைகள் உதவி
10581 – போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் சொல்ல

பயன்படுத்துகிறவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால், சிறு அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் பிரிவு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, 64ஏ. 'ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வந்துடும்' என்று பயந்து பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள்.

உங்கள் பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடுங்கள். ஆசிரியர் நண்பர்கள் இருந்தால், பயிற்சி கிடைத்ததா, எத்தனை நாள், எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.